எரிந்த கடைக்குக் கணக்கு எங்கே?

2025 பெப்ரவரியில் அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸ பாராளுமன்றத்திலே ஒரு கணக்கை வெளியிட்டார். 2022ஆம் ஆண்டுப் போராட்ட காலத்தில் சொத்திழந்த அரசியல்வாதிகள் 43 பேருக்கு 122 கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு வழங்கப்பட்டதாம். வீடு எரிந்தவனுக்கு நட்டஈடு கொடுத்தல் குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. எரிந்தது எவன் வீடாயினும் இழப்பு இழப்பே. ஆனால் ஒரு கேள்வி. 1981 மே 31ஆந் திகதி இரவு யாழ் நகரில் எரிக்கப்பட்ட கடைகளின் சொந்தக்காரர்கள் இத்தகைய பரிவைக் கண்டார்களா? 1983 ஜூலையில் கொழும்பிலே கடையும் ஆலையும் இழந்து கப்பலேறி வந்தவர்கள் கண்டார்களா? 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி சென்ற வலிகாமத்து மக்கள் கண்டார்களா?

இல்லை என்பதற்கு முதற்காரணம் பாரபட்சம். அதை இப்பத்திரிகையின் வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் எமக்கே கசப்பானது. நட்டஈடு கேட்கும் வேளையில் எம்மவர் கையிலே கண்ணீர் இருந்தது, கணக்கு இருக்கவில்லை!

1983இன் பின் அரசு செய்த விந்தையை மறந்துவிடக் கூடாது. அவசரகால விதிகளின் கீழ், சேதமுற்ற வீடுகளும் கடைகளும் ஆலைகளும் அரசின் உடைமையாக்கப்பட்டன. புனர்வாழ்வுக்கென அமைத்த அதிகாரசபையின் வாசலில், தன் சொத்தைத் தன்னிடமே திருப்பித் தரும்படி உடைமையாளன் மனுக் கொடுக்க வேண்டியதாயிற்று. களவு கொடுத்தவன் தன் வீட்டுத் திறப்புக்காகக் கச்சேரியிலே காத்து நின்ற கதை இது! அங்கேயும் முதலில் கேட்கப்படுவது ஒன்றே: உமது சொத்து என்பதற்கு அத்தாட்சி என்ன?

அத்தாட்சி பெட்டகத்தில் இருந்தது, பெட்டகம் வீட்டில் இருந்தது, வீடு இல்லை. உறுதி தொலைந்தால் காணியே தொலைந்ததென்று எண்ணி வாளாவிருந்தோர் எத்தனை பேர்! சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது விதி. அங்கே கட்டணம் செலுத்தி உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். யுத்த காலத்தில் பிறர் பத்தாண்டு ஆண்டுவிட்டதால் காணியை இழக்க நேர்ந்தவர்களுக்காக 2016இலே 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சிக் கணக்கிற் சேர்க்காமல் விட அது வழி செய்தது. வழக்கிடுவதற்கு இரண்டே ஆண்டு அவகாசம்! எத்தனை கிராமங்களில் அதைப் பறையறைந்து சொன்னார்கள்? எமது பாராளுமன்ற உறுப்பினர்களைத்தான் கேட்கிறோம்.

நிற்க. காப்புறுதி என்றதும் எம்மவர் அதை அபசகுனமாகக் கருதுகின்றனர், அல்லது வங்கிக் கடனுக்காக வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகின்றனர். அப்பத்திரத்தை வாசித்த வியாபாரி எத்தனை பேர்? சாதாரணத் தீக் காப்புறுதி நெருப்புக்கும் மின்னலுக்கும் மாத்திரமே. வெள்ளமும் புயலும் வேறாகச் சேர்க்கப்பட வேண்டும். கலகம், வேலைநிறுத்தம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்குத் தனி இணைப்பு வேண்டும்; அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதற்கெனவே ஒரு நிதியை நடத்துகிறது. கடை எரிந்தது உண்மை. கொளுத்தியது குழப்பக்காரர் கூட்டமாயின், இணைப்பில்லாத பத்திரம் வெறுங் கடதாசி. ஆங்கிலத்தில் அச்சிட்டதை விளங்காமலே ஒப்பமிடுவோர் பலர். தமிழிலே தாருங்கள் என்று கேட்பதற்கு எமக்கு என்ன வெட்கம்?

இன்னொரு பொறி உண்டு. அதனைச் சராசரி விதி என்பர். கடையிலே 40 இலட்சம் ரூபாச் சரக்கு இருக்கிறது. கட்டணத்தை மிச்சம் பிடிக்க எண்ணிய முதலாளி 10 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்கிறார். பாதிச் சரக்கு, அதாவது 20 இலட்சம், அழிகிறது. பத்து இலட்சமாவது முழுதாய்க் கிடைக்குமென அவர் நம்புகிறார். கிடைப்பதோ ஐந்து இலட்சம்! காலில் ஒரு பங்கே காத்தாய், ஆகவே நட்டத்திலும் காலில் ஒரு பங்கே தருவோம் என்பது அவ்விதியின் நியாயம். விலைவாசி வெகுவாக உயர்ந்த 2022இன் பின்னும் பழைய தொகையையே புதுப்பித்து வருவோர் இன்றே தம் பத்திரத்தை எடுத்துப் பார்க்கட்டும்.

கொழும்பிலே தம் ஆலைகள் தீயில் அழியக் கண்டவர் ஏ.வை.எஸ். ஞானம். ஆனால் 1982இல் அவர் தொடங்கிய டோக்கியோ சீமெந்து நிறுவனம் இன்றும் திருகோணமலையில் இயங்குகிறது. அவர் பெருமுதலாளி, எமது வெங்காயச் செய்கையாளனுக்கு இரண்டு ஊரில் ஆலை ஏது என்று கேட்பீர்கள். ஆலை வேண்டாம். கணக்குப் பேரேட்டின் ஒரு பிரதி வேறூரில் இருக்கட்டும். விதை வெங்காயம் முழுவதையும் ஒரே கொட்டிலில் தூக்கவேண்டாம்.

1964 டிசம்பர்ச் சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும், 2025 நவம்பரின் டித்வா புயலும் முன்னறிவித்துச் சாதி மதம் கேட்டு வரவில்லை. அவற்றின் பின் அரிசிப் பொதியும் படப்பிடிப்பாளருமாக வந்திறங்கும் தலைவர்களைக் கண்டு நாம் சலித்துவிட்டோம். நிவாரணம் என்பது கொடுப்பவன் மனம்போல் அளப்பது. நட்டஈடு என்பது கேட்பவன் நிரூபித்து வாங்குவது. அமைச்சருக்கும் மீனவனுக்கும் ஒரே அளவுகோலைச் சட்டத்தில் எழுதிப் பகிரங்கப்படுத்துமாறு அரசைக் கேட்கிறோம். இழப்பீட்டுக்கான அலுவலகம் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்ததே. அதன் படிவங்கள் கிராமங்களுக்குத் தமிழில் வரட்டும்.

ஆனால் அரசு அசையும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. பூநகரிக் கரையோடு தோணியால் உறவாடிய எமது கொழும்புத்துறையிலேயே தொடங்குவோம். வடகீழ்ப் பருவமழைக்கு முன், கடற்றொழிலாளர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் வீடு வீடாகச் சென்று பதிவெடுக்கட்டும். வள்ளத்தின் இலக்கம், இயந்திரத்தின் இலக்கம், வலையின் நிறை, கடைச் சரக்கின் பெறுமதி, வாங்கிய சிட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஒரு பிரதி சங்கத்தில், ஒன்று வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடம், ஒன்று கிராம சேவையாளரிடம் அவர் ஒப்பத்தோடு. ஒப்பமிட அவர் மறுத்தால், அம்மறுப்பையும் திகதியிட்டு அதே கொப்பியில் எழுதி வையுங்கள்.