தென்னாற்காடு: வரைபடத்தில் இல்லாத மாவட்டம், பத்திரத்தில் மட்டும் ஏன் இன்னும் இருக்கிறது?

சிதம்பரம் பக்கம் ஏதாவது ஒரு வீட்டுப் பீரோவைத் திறந்தால் பழைய கிரயப் பத்திரம் ஒன்று இருக்கும். அதன் முதல் வரியில் ‘தென்னாற்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுகா’ என்று எழுதியிருக்கும். கூகுள் மேப்பில் அந்த ஜில்லாவைத் தேடினால் கிடைக்காது. 1993 செப்டம்பர் 30-ம் தேதியோடு அந்தப் பெயரில் இருந்த பழைய மாவட்டம் முடிந்துபோனது.

ஆனால் வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது, வாரிசுப் பிரச்சினை வரும்போது, தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தைத் தேடும்போது அந்த மாவட்டம் திரும்ப எழுந்து வந்து நிற்கும். கள்ளக்குறிச்சியில் 1990-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறந்தது தென்னாற்காடு மாவட்டம். ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். எட்டாம் வகுப்புக்கு வரும்போது வெறும் விழுப்புரம் மாவட்டம். இன்றைக்கு ஆதாரில் முகவரி மாற்றினால் கள்ளக்குறிச்சி மாவட்டம். மனுஷன் வீடு மாறவே இல்லை!

ஆற்காடு எங்கே, கடலூர் எங்கே?

முதலில் பெயரே கொஞ்சம் வேடிக்கையானது. ஆற்காடு என்ற ஊர் தென்னாற்காட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. அது இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. கர்நாடக நவாப்புகள் அங்கிருந்து ஆண்டார்கள். 1801-ல் நவாப்பின் நாட்டைக் கிழக்கிந்திய கம்பெனி மொத்தமாக எடுத்துக்கொண்டபோது, ஆற்காட்டு ராஜ்ஜியத்தின் தெற்குப் பகுதி தென்னாற்காடு, வடக்குப் பகுதி வடாற்காடு என்று ஆனது. மண்ணின் பெயர் இல்லை, கணக்குப் புத்தகத்தின் பெயர்.

கம்பெனிக்குக் கடலூர் அதற்கு முன்பே பழக்கமான ஊர். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். வாங்கியவர் அப்போது சென்னை கவர்னராக இருந்த எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவரும் இவர்தான். ஒப்பந்தத்தின்படி கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தால் குண்டு விழும் தூரம் வரை இருக்கும் ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் இருக்கும் ‘குண்டு’ அந்தப் பீரங்கிக் குண்டுதான். அளவைச் சங்கிலி இல்லை, நில அளவையர் இல்லை, பீரங்கிதான் சர்வேயர்!

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், சோழமண்டலக் கரையில் கம்பெனிக்குத் தலைநகரமே இந்தச் செயின்ட் டேவிட் கோட்டைதான். 1752 வரை அப்படித்தான் நடந்தது. இன்றைக்குச் சில்வர் பீச் போகும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் கோட்டையின் மிச்சத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கலெக்டர் ஆபீஸ் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தது. மாவட்டமோ தெற்கே கொள்ளிடம் முதல் வடக்கே திண்டிவனம் தாண்டி, மேற்கே கல்வராயன் மலை வரை. இன்றைய கணக்கில் சுமார் 10,900 சதுர கிலோமீட்டர். நடுவில் புதுச்சேரி. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஒப்படைக்கும் வரை, கடற்கரைச் சாலை வழியாகத் திண்டிவனம் போகிற கடலூர் கலெக்டர், தன் மாவட்டத்துக்குள்ளேயே போக அந்நிய நாட்டைக் கடக்க வேண்டியிருந்தது.

பிரித்தது தப்பா?

இல்லை. பழைய பெருமைக்காக அழுவதில் அர்த்தமே இல்லை. கல்வராயன் மலையில் இருக்கும் ஒரு பழங்குடிக் குடும்பம் ஒரு மனு கொடுக்கக் கடலூர் வரை வந்து போவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, ராத்திரி எங்கே தங்குவது என்ற கவலை வேறு. 1993-ல் விழுப்புரமும், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியும் தனியாக வந்தது நியாயமான காரியம். 2011 கணக்கெடுப்பில் கடலூரில் 26 லட்சம் பேர், அன்றைய விழுப்புரத்தில் 34.5 லட்சம் பேர். அறுபது லட்சம் பேருக்கு ஒரே கலெக்டர் என்பதை இன்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கோளாறு பிரித்ததில் இல்லை, பெயர் வைத்ததில் ஆரம்பிக்கிறது. 1993-ல் கடலூர் பக்கத்துக்குத் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயர். சிதம்பரம் அருகே மருதூரில் பிறந்து வடலூரில் சத்திய ஞான சபை கட்டியவரின் பெயர். விழுப்புரத்துக்கு ராமசாமி படையாட்சியார். 1952 தேர்தலில் அவருடைய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. இரண்டுமே இந்த மண்ணைத் தெரிந்து வைத்த பெயர்கள்தான். ஆனால் மாநிலம் முழுக்க மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர் பெயர் வைத்த பழக்கம் 1997-ல் தென் மாவட்டங்களில் சாதி மோதலாக வெடித்தது. எல்லாப் பெயரையும் ஒரே அடியாக எடுத்தார்கள். அதோடு ‘தென்னாற்காடு’ என்ற சொல்லும் சத்தமில்லாமல் போய்விட்டது. நான்கு வருஷம் மட்டும் உயிரோடு இருந்த ஒரு மாவட்டப் பெயர், அந்தக் காலத்தில் சான்றிதழ் வாங்கிய ஒவ்வொருவர் ஃபைலிலும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஜெர்மனியில் இதே கதை தலைகீழாக நடந்தது. மேற்கு ஜெர்மனியில் 1967 முதல் 1978 வரை ஊரக மாவட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். 425 இருந்தது சுமார் 235 ஆகக் குறைந்தது. மக்களுக்குக் கோபம். குறிப்பாகக் கார் நம்பர் பிளேட்டில் இருந்த தங்கள் பழைய மாவட்ட எழுத்து போனதில் பெரிய வருத்தம். 2012-ல் அரசு இறங்கிவந்தது. மாவட்டம் திரும்ப வராது, ஆனால் பழைய எழுத்தை நம்பர் பிளேட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நிர்வாகம் ஒரு பக்கம், நினைவு ஒரு பக்கம், இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு சின்ன வேலை செய்யலாம். 1956-ல் 13 மாவட்டம், இன்றைக்கு 38. எந்தக் கிராமம் எந்தத் தேதியில் எந்த மாவட்டத்தில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்று ஒரே இடத்தில் ஆன்லைனில் தேடும் வசதி அரசே கொடுத்தால் போதும். வருவாய் மாவட்டம் ஒன்று, பதிவு மாவட்டம் வேறொன்று என்ற குழப்பத்தில் அலைகிறவர்களுக்குப் பாதி அலைச்சல் குறையும். இதற்குச் சிலை வேண்டாம், மணிமண்டபம் வேண்டாம்.

ஆறு கோடு பார்ப்பதில்லை

பத்திரம்கூடப் பரவாயில்லை. உயிர் சம்பந்தப்பட்டது தண்ணீர். திருக்கோவிலூர் முதல் கடல் வரை தென்பெண்ணை ஒரு காலத்தில் ஒரே கலெக்டரின் எல்லைக்குள் ஓடியது. இன்று கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று மூன்று பேர். அணை இருப்பதோ திருவண்ணாமலை மாவட்டத்து சாத்தனூரில். 2024 டிசம்பர் 2-ம் தேதி விடியற்காலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்தபோது, கீழே இருந்த ஊர்கள் தூக்கத்தில் இருந்தன. அந்தத் தண்ணீர் விழுப்புரத்தை முழுக்காட்டிவிட்டுத்தான் கடலூருக்கு வந்தது. மாவட்டத்தைப் பிரிக்கும்போது கட்டடம், கார், ஊழியர் எல்லாம் பங்கு பிரிக்கிறார்கள். ஆற்றின் எச்சரிக்கையை யார் யாருக்கு எத்தனை மணிக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த அரசாணையிலேயே இருக்க வேண்டும்.

இது ஏன் இப்போது முக்கியம் என்றால், அடுத்த கோரிக்கை வாசலில் நிற்கிறது. விருத்தாசலத்தைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. திட்டக்குடிக்காரருக்குக் கடலூரைவிடப் பெரம்பலூர் பக்கம். காட்டுமன்னார்கோவிலுக்குச் சிதம்பரம்தான் எல்லாம். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியே சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில்தான் இருக்கிறது.

ஆனால் விருத்தாசலம் பிரிந்தால் கோடு நெய்வேலி சுரங்கங்களுக்குப் பக்கத்தில்தான் போகும். என்எல்சி எந்தப் பக்கம், நிலம் கொடுத்த கிராமங்கள் எந்தப் பக்கம், இழப்பீடு வழக்குகளின் ஃபைல் எந்தக் கலெக்டர் மேஜைக்குப் போகும்? பெயர்ப் பலகைக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதி வைக்க வேண்டும்.