புக்ககம் கடல் கடந்திருந்தால்

பெண்ணொருத்தி புகுந்த வீடு செல்வதற்கு முன்னாளில் ஒரு நல்ல நாளும் ஒரு வண்டிலும் போதியனவாயிருந்தன. சுன்னாகத்துப் பெண் சாவகச்சேரிக்கு மருமகளாய்ப் போயிருந்தால், மாமியாருக்குக் காய்ச்சல் என்ற செய்தி காலையில் வர, மாலைக்குள் அவள் கட்டிலருகில் நின்று கஞ்சி கொடுப்பாள். இன்றோ மணமக்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்க, மாமனாரும் மாமியாரும் ஸ்காபரோவில் மூத்த மகனுடன் வாழ்கின்றனர். கணவனின் தமக்கை பாரிஸில் இருக்கிறாள். சிறிய தந்தையார் இலண்டனில் இருக்கிறார். மணமாகிச் சில ஆண்டுகள் சென்றும் மாமியாரைத் தொலைபேசித் திரையில் மாத்திரமே கண்ட மருமக்கள் நம் ஊர்களில் பலர் உளர்.

நாம் ஆசிரியத் தொழிலில் இருப்பதனால், ஆங்கிலப் படிவங்களை நிரப்பித் தரும்படி அன்பர்கள் நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவது வழக்கம். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "சேர், எந்த விசாவுக்குப் போட்டால் சுகமாய்க் கிடைக்கும்?" இக்கேள்வியைச் சற்றே திருத்திக் கேட்டல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். எது இலேசாகக் கிடைக்கும் என்பதன்று, எதற்காகப் போகிறோம் என்பதே முதலில் தீர்க்க வேண்டிய விஷயம். பார்த்துவிட்டுத் திரும்புவதற்கா, அங்கேயே குடியமர்வதற்கா? இவ்விரண்டுக்கும் வெவ்வேறு வாயில்கள் உள. ஒன்றுக்குரிய வாயிலால் மற்றொன்றுக்குப் புக முயன்றவர்களே பெரிதும் துன்பப்பட்டவர்கள்.

கனடாவை முதலில் எடுத்துக்கொள்வோம். நம்மவர் கேள்விகளிற் பெரும்பகுதி அந்நாட்டைப் பற்றியதே. மருமகளோ மருமகனோ கணவன் அல்லது மனைவியின் குடும்பத்தைப் பார்க்கச் செல்வதற்கு அங்கே சிறப்பான விசா எதுவும் இல்லை. சாதாரண வருகையாளர் விசாவே உரியது. கட்டணம் ஆளொருவருக்கு 100 கனடிய டொலர். விரலடையாளத்துக்கும் நிழற்படத்துக்கும் 85 டொலர் வேறு. 'சுப்பர் விசா' என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்குப் போடலாமா என்று கேட்போர் பலர். பெயரின் கம்பீரம் அப்படி! 2011 டிசம்பரில் ஏற்படுத்தப்பட்ட அவ்விசா பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் மட்டுமே உரியது. மருமக்களுக்கோ சகோதரர்களுக்கோ அது கிடையாது.

ஆனால் சம்பந்திமார் விஷயத்தில் அது மிகவும் பயன்படும். நம் மகள் அங்கே நிரந்தர வதிவுரிமை பெற்றவளாகவோ பிரஜையாகவோ இருந்தால், அவளுடைய தாயும் தந்தையும் அதற்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஜூலை 4ஆம் தேதி முதல், ஒரு தடவை சென்றால் 5 ஆண்டுகள் வரை தொடர்ந்து தங்க அது இடந்தருகிறது. அதற்கு முன் 2 ஆண்டுகளாகவே இருந்தது. இதற்கு மகளின் குடும்ப வருமானம் அந்நாட்டு அரசு வகுத்த அளவை எட்ட வேண்டும். வைத்தியப் பரிசோதனையும் வேண்டும். ஓராண்டுக்கேனும் குறையாத, 100,000 டொலருக்குக் குறையாத வைத்தியக் காப்புறுதியும் வேண்டும். முதியவர்களுக்கு அக்காப்புறுதியின் தவணைப் பணம் சிறிதன்று. மகளின் பிரசவத்துக்கு நான்கு மாதம் துணையாயிருந்து, மாரிக்கு முன் ஊர் திரும்ப எண்ணும் தாய்க்கு இத்தனை பாரமும் எதற்கு? அவளுக்குச் சாதாரண விசாவே போதும். அதிலேயே வழக்கமாக 6 மாதம் தங்கலாம்.

கணவனே கனடாவில் இருக்கும் புதுமணப் பெண்ணின் நிலையோ வேறு. அவள் இறுதியில் அங்கே குடியேறவே போகிறாள். அதற்குக் கணவன் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். அது முடியும்வரை மாமியாரையும் கணவனையும் ஒருமுறை பார்த்து வரலாகாதா என்றால், தாராளமாக விண்ணப்பிக்கலாம். பின்னொரு நாள் குடியேறும் எண்ணம் இருப்பது மாத்திரமே இன்றைய வருகைக்குத் தடையாகாது என்று அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 22ஆம் பிரிவே கூறுகிறது. அனுமதித்த காலம் முடிந்ததும் திரும்புவாள் என்பதை உத்தியோகத்தர் நம்ப வேண்டும், அவ்வளவே. எனினும் நம்பச் செய்வது கடினம் என்பதையும் மறைப்பதற்கில்லை. இளம் மனைவி, அங்கே கணவன், இங்கே சொந்த வருமானம் இல்லை என்ற நிலையில் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதே பெரும்பான்மை. நிராகரிப்பு ஒரு வருத்தம். ஆயின் அது ஒரு குற்றம் அன்று. மறுபடியும் விண்ணப்பிக்கலாம், கணவனின் குடியேற்ற விண்ணப்பத்துக்கும் அதனால் ஊறு இல்லை.

ஊறு விளைப்பது பொய். நாம் அறிந்த ஒரு பெண்ணுக்கு இந்நிலையே நேர்ந்தது. விவாகப் பதிவு முடிந்து கணவன் ரொறன்ரோ திரும்பிவிட்டான். மாமியாருக்குப் புற்றுநோய் என்று அறிந்ததும், போய்ப் பார்க்க வேண்டுமென்று பெண் துடித்தாள். தரகர் ஒருவர், "கலியாணம் ஆனதென்று எழுதினால் தரமாட்டான், மணமாகாதவள் என்று எழுதி, உறவினர் கலியாணத்துக்குப் போவதாய்ப் போடுவோம்" என்று யோசனை கூறி, பணமும் பெற்று, படிவத்தையும் தாமே நிரப்பினார். சில மாதங்களில் கணவன் அனுப்பிய குடியேற்ற விண்ணப்பத்தில் விவாகத் தேதி இருந்தது. இரண்டு கோப்புகளும் ஒரே அலுவலகத்துக்கு உரியவை அல்லவா? விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எவ்வளவு எழுதியும் பயனில்லை. உண்மையை மறைத்தவர் 5 ஆண்டுகளுக்கு அந்நாட்டுள் புகவும் குடியேற விண்ணப்பிக்கவும் முடியாது என்பது சட்டம். 2014 நவம்பருக்கு முன் அத்தடை 2 ஆண்டுகளாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் மாமியார் காலமானார். அந்தியேட்டியைக் கணவன் அங்கே செய்ய, அவள் இங்கே விளக்கேற்றினாள். தரகர் இன்றும் தொழில் நடத்துகிறார். படிவத்தை யார் நிரப்பினாலும் கையொப்பம் இட்டவரே அதற்குப் பொறுப்பு.

பிரித்தானியாவும் இவ்விஷயத்தில் இளகிய மனமுடையதன்று. விண்ணப்பத்தில் வஞ்சனை கண்டுபிடிக்கப்பட்டால் அங்கே தடை 10 ஆண்டுகள். புக்ககத்தைப் பார்க்கச் செல்வோர்க்கு உரியது அங்கும் சாதாரண வருகையாளர் விசா. ஒரு தடவையில் 6 மாதம் தங்கலாம். 2, 5, 10 ஆண்டுகளுக்கான விசாக்களும் விற்பனைக்கு உண்டு என்றாலும், அவற்றிலும் ஒவ்வொரு வருகைக்கும் 6 மாதமே எல்லை. 6 மாதம் இருந்து, இரு வாரம் ஊரில் தலைகாட்டி, மீண்டும் 6 மாதம் போவதை அங்கு வருகை என்று கொள்ளமாட்டார்கள். வாழ்க்கை என்றே கொள்வார்கள். மனைவிக்குரிய குடியேற்ற விசாவுக்கு வேண்டிய வருமான எல்லையை 2024 ஏப்ரல் 11ஆம் தேதி முதல் 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக அந்நாட்டரசு உயர்த்தியது. அதன் பின், "வருகையாளராகப் போய் இறங்கு, அங்கே வைத்து மாற்றிக்கொள்ளலாம்" என்ற யோசனை நம்மவரிடையே வாய்வழியாகப் பரவலாயிற்று. வருகையாளர் விசாவில் சென்றவர் உள்நாட்டில் இருந்தபடி மனைவி என்ற வகைக்கு மாறுவதற்கு அங்குள்ள விதி இடங்கொடாது. திரும்பி வந்து இங்கிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். இரு வழிப் பயணச் செலவும் வீண்.

பாரிஸ் தமக்கையைப் பார்க்க ஷெங்கன் விசா. சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிடினும் 2008 டிசம்பர் முதல் ஷெங்கன் பரப்பில் இருப்பதால், பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் ஒரே விசா செல்லும், இலண்டனுக்குச் செல்லாது. அதிக நாட்கள் எங்கே தங்குகிறோமோ அந்நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். தங்கும் காலம் எந்த 180 நாளிலும் 90 நாள். போய் இறங்கும் நாளும் புறப்படும் நாளும் இதில் அடங்கும். மூன்று மாதம் என்று விரல்விட்டு எண்ணி 92ஆம் நாள் புறப்படுவோர் தவறிவிடுகின்றனர். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் இயந்திரமே நாட்கணக்கு வைக்கிறது. 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதி வேண்டும். பிரான்சில் வீட்டிலே தங்க வைக்கும் உறவினர் தம் நகரசபைக்குச் சென்று, விருந்தினரை ஏற்பதாக அத்தாட்சிப் பத்திரம் பெற்று அனுப்ப வேண்டும். நண்பர் ஒருவர் எழுதிய அன்பான கடிதம் அதற்கு ஈடாகாது.

இங்கே பலரும் அறியாத சலுகை ஒன்று உண்டு. கணவன் பிரெஞ்சுப் பிரஜை, மனைவி இலங்கைப் பிரஜை என்று கொள்வோம். இருவரும் ஜேர்மனியில் உள்ள கணவனின் அண்ணனைப் பார்க்கச் சேர்ந்து செல்வதாயின், ஒன்றியப் பிரஜையின் மனைவி என்ற முறையில் அவளுக்கு ஜேர்மன் விசா கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். இது 2004ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம். ஆனால் கணவனின் சொந்த நாடாகிய பிரான்சுக்கே போவதாயின் இச்சட்டம் பொருந்தாது. அது அயல் நாட்டுக்குச் செல்லும் பிரஜைக்கே துணை நிற்கும். தன் வீட்டுக்குப் போகையில் இல்லாத உரிமை பக்கத்து வீட்டுக்குப் போகையில் வருவது விசித்திரந்தான், சட்டம் அப்படி.

இனி, எந்த விசாவாயினும் நம்மவர் இடறி விழும் ஓரிடம் உண்டு. அது உறவுமுறை. கணவனின் தம்பி, தமக்கையின் கணவன், மனைவியின் அண்ணன் ஆகிய எல்லாரையும் ஆங்கிலம் 'பிரதர் இன் லோ' என்ற ஒரே சாக்கில் கட்டிவிடும். சம்பந்தி என்பதற்கு அம்மொழியில் வழக்கான ஒரு சொல்லே கிடையாது. நாமோ பெரியப்பாவின் மகனை அண்ணன் என்கிறோம். படிவத்திலும் 'சகோதரன்' என்று எழுதிவிடுகிறோம். உத்தியோகத்தர் இருவருடைய பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் எடுத்துப் பார்க்கிறார். தந்தை பெயரும் வேறு, தாய் பெயரும் வேறு. நமக்கு அது பாசம். அவருக்கு அது பொய். ஆதலின் 'கணவனின் தந்தையுடைய தமையன் மகன்' என்று நீட்டி எழுதுவதே நன்று. பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் பிழையில்லை.

பெயர்களோ இன்னுமொரு சிக்கல். மருமகளின் கடவுச்சீட்டில் அவள் தந்தையின் பெயர் இருக்கும்; கணவனுடையதில் அவன் தந்தையின் பெயர்; கனடா சென்ற அண்ணனுக்கோ அங்கே முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருத்தல் கூடும். ஒரே குடும்பத்தவர் என்பதற்குப் பெயரில் ஒரு சாட்சியும் இல்லை. சங்கிலியைப் பத்திரங்களாலேயே கோக்க வேண்டும். விவாகப் பதிவுச் சான்றிதழ் மருமகளையும் கணவனையும் இணைக்கும். கணவனின் பிறப்பத்தாட்சி அவனையும் மாமியாரையும் இணைக்கும். அண்ணனின் பிறப்பத்தாட்சி மாமியாரையும் அவ்வீட்டு முகவரியையும் இணைக்கும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அழைப்பவர் யாரோ ஓர் அந்நியர் ஆகிவிடுகிறார். தமிழில் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, பெயரின் எழுத்துக் கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளவாறே அமையும்படி பார்த்துக்கொள்க.

பணத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். விண்ணப்பத்துக்கு மூன்று நாள் முன் மாமாவிடம் கைமாற்றாக வாங்கி வங்கியிலிட்ட பத்து இலட்சம் யாரையும் ஏமாற்றாது. மாதச் சம்பளம் வந்து போகும் சிறிய கணக்கே அதிலும் மதிப்புடையது. செலவு அங்குள்ளவர் பொறுப்பாயின் அதை வெளிப்படையாய் எழுதி, அவருடைய வருமானச் சான்றை இணைக்கலாம். தொழில் நிலையத்து விடுமுறைக் கடிதம், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், காணி உறுதி ஆகியவை திரும்பி வருவதற்கான காரணங்கள். அவற்றைப் பின்னிணைப்பின் அடியில் புதைத்துவிடாமல் முன்னே வைத்தல் வேண்டும்.

கடைசியாக, விசா கிடைத்தபின் ஒரு சொல். கனடிய விசாவில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதி, அந்நாட்டின் வாயிலை அடைவதற்குரிய கடைசி நாளேயன்றி, அங்கே தங்குவதற்குரிய கடைசி நாள் அன்று. நெடுங்கால விசா முன்போல் எல்லார்க்கும் வழமையாக வழங்கப்படுவதில்லை என்று 2024 நவம்பரில் அறிவித்தனர். ஓராண்டு விசா கிடைத்தவர் குறைப்பட வேண்டியதில்லை. தங்கும் காலத்தை விமான நிலையத்திலுள்ள உத்தியோகத்தரே தீர்மானிப்பார். அவர் ஒரு தேதியை எழுதினால் அதுவே எல்லை. எதுவும் எழுதாவிடின் இறங்கிய நாளிலிருந்து 6 மாதம். மாமியாருக்கு உடல்நிலை மோசமாகி மேலும் தங்க வேண்டி வந்தால், அவ்வெல்லைக்கு 30 நாள் முன்பாகவே நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆதலின் கடவுச்சீட்டு கைக்குத் திரும்பியதும், வெளியே காத்திருக்கும் உறவினரைத் தேடி ஓடுமுன், அந்தப் பக்கத்தை விரித்து முத்திரையருகே தேதி ஏதும் உளதோ என்று பார்த்துவிட்டே நடக்க.