முகவரியிலும் ஒரு பாதுகாப்பு

வங்கித் துறையில் புதுமை என்றாலே பளபளக்கும் செயலி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ரிசர்வ் வங்கி 1996-இல் ஹைதராபாத்தில் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் பணி வேறு வகை. ஒரு வங்கியின் அட்டையை மற்றொரு வங்கியின் ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுப்பதை நாடெங்கும் எளிதாக்கிய தேசிய நிதி இணைப்பகத்தை 2004-இல் தொடங்கியது அதுதான். வங்கித் தளங்களுக்கு மட்டுமேயான ‘.பேங்க்.இன்’ முகவரியை வழங்குவதும் அதுவே. இம்முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி விதித்த கெடு 2025 அக்டோபர் 31.

தொலைபேசியில் பேசி ஓடிபி கறப்பவரை முகவரி தடுக்குமா எனக் கேட்கலாம். தடுக்காது. ஆனால், போலித் தளத்தை வாடிக்கையாளரே இனங்காண உறுதியான அடையாளம் கிடைக்கிறது. அதை அவர் அறியாவிட்டால் பயனில்லை. பாஸ்புக்கிலும் ஏடிஎம் திரையிலும் அவரவர் மொழியில் இதைச் சொல்வது வங்கிகளின் கடமை.