சிறிய வாகனமும் நிம்மதியான வாழ்வும்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பாடமாகும். எனினும் அண்மைக்காலத்தில் வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்தின் பருமனை வைத்தே ஒரு குடும்பத்தின் அந்தஸ்தை அளவிடும் வழக்கம் நமது சமூகத்தில் வேரூன்றிவிட்டது. இந்நிலையில், இருக்கின்ற பெரிய வாகனத்தை விற்றுவிட்டுச் சிறிய காரொன்றை வாங்கி, மிஞ்சும் பணத்தை வேறு தேவைகளுக்குப் பயன்படுத்த எண்ணும் குடும்பங்களை ஏளனமாக நோக்குவோரும் இல்லாமல் இல்லை. இது வீழ்ச்சியின் அடையாளமா, விவேகத்தின் அடையாளமா என்பது சிந்தித்துப் பார்க்கப்பட வேண்டிய விடயமாகும்.

இவ்விடயத்தில் அரசாங்கமே ஒரு முன்னுதாரணத்தைக் காட்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் நிதியமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, 1800 சீசீக்கு மேற்பட்ட பெற்றோல் வாகனங்களையும் 2300 சீசீக்கு மேற்பட்ட டீசல் வாகனங்களையும் சில விதிவிலக்குகளுடன் விற்றுவிடுமாறு அரச நிறுவனங்களைப் பணித்தது. அதே ஆண்டில் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்களும் ஏலத்தில் விடப்பட்டன. எரிபொருளையும் பராமரிப்புச் செலவையும் விழுங்கும் வாகனங்களை வைத்திருப்பது அரச திறைசேரிக்கே கட்டுப்படியாகாது என்றால், மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்திற்கு அது எவ்வாறு கட்டுப்படியாகும்?

இந்த நிலைமை ஒரே நாளில் தோன்றியதன்று. அந்நியச் செலாவணி நெருக்கடியைச் சமாளிப்பதற்காக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பாவித்த வாகனங்களின் விலை எவரும் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது. மறுபுறத்தில், 2022 ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், அதே ஆண்டு ஜூன் இறுதியில் 470 ரூபாவைத் தொட்டது. எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் இரவு பகலாகக் காத்துக்கிடந்த அந்நாட்களை எவரும் மறந்திருக்க முடியாது. பின்னர் கியூஆர் முறையின் கீழ் வாரத்திற்கு அளவோடு எரிபொருள் கிடைத்தபோதுதான், ஒரு லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்ற கணக்கைப் பலரும் முதன்முறையாகப் போட்டுப் பார்த்தனர்.

மலையகத்தில் இந்தக் கணக்கு மேலும் கடினமானது. வட்டவளையை எடுத்துக்கொள்வோம். அவிசாவளையிலிருந்து ஹட்டன் ஊடாக நுவரெலியா செல்லும் ஏ7 வீதியில், கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையில் அமைந்துள்ள இவ்வூர், நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றாகும். ஏற்றமும் வளைவும் நிறைந்த வீதியில் எரிபொருள் சமவெளியைவிடக் கூடுதலாகவே செலவாகும். பிரேக்கும் டயரும் விரைவில் தேய்ந்துபோகும். பிரதான வீதியிலிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து செல்லும் பாதைகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. இங்குள்ள ஆசிரியர்களும் வர்த்தகர்களும் தோட்ட உத்தியோகத்தர்களும் வாகனத்திற்காகச் செலவிடும் தொகை, கொழும்பில் வாழும் ஒருவரின் செலவைவிடக் குறைவாக இருக்க முடியாது.

உதாரணமாக, மாதமொன்றுக்கு 900 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்தைக் கருதுவோம். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் பெரிய வாகனத்திற்கு 112 லீற்றருக்கு மேல் தேவைப்படும். லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும் சிறிய காருக்கு 50 லீற்றர் போதுமானது. லீற்றரின் விலை 300 ரூபா என வைத்துக்கொண்டால், மாதம் 18,750 ரூபாவும் ஆண்டுக்கு 2,25,000 ரூபாவும் எரிபொருளில் மட்டும் மிஞ்சும். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம், அரசின் வருகைக் கொடுப்பனவான 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபாவாகும். அந்த மாதாந்த மிச்சம், கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் ஏறத்தாழ பதினொரு நாள் உழைப்புக்குச் சமமானது என்பதை உணர்ந்தால், நாம் புகையாக விடும் பணத்தின் பெறுமதி விளங்கும்.

எரிபொருளைவிடப் பாரதூரமானது லீசிங் கடனாகும். வருமானத்தில் பெரும்பகுதியைத் தவணைப் பணமாகச் செலுத்திவிட்டு, பிள்ளையின் பிரத்தியேக வகுப்புக் கட்டணத்திற்கும் வைத்தியச் செலவுக்கும் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் நம் மத்தியில் உள்ளன. இத்தகையோர் வாகனத்தை விற்றுக் கடனைத் தீர்த்து, எஞ்சிய தொகைக்குள் அடங்கும் சிறிய காரொன்றை வாங்குவதில் வெட்கப்பட ஏதுமில்லை. தவணைகள் தவறி, வாகனம் வீதியில் வைத்துப் பறித்துச் செல்லப்படும் நிலையைவிட, தாமாகவே முடிவெடுப்பது எவ்வளவோ மேலானது. வீண்விரயத்தையும் வட்டியையும் கண்டிக்கும் இஸ்லாமிய நெறியைப் பின்பற்றும் சகோதரர்களுக்கும், சிக்கனத்தை அறமாகப் போற்றும் தமிழ் மரபினருக்கும் இது புதிய போதனையன்று.

அதேவேளை, கண்ணை மூடிக்கொண்டு இதனைச் செய்வதும் ஆபத்தாகும். சிறிய வாகனம் என்பதனாலேயே அது மலிவானது என்று கூறிவிட முடியாது. இறக்குமதித் தீர்வையும் வற் வரியும் ஏனைய வரிகளும் சேர்ந்து, ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டியிருந்த சிறிய கார்களையும் எட்டாக்கனியாக்கியுள்ளன. பெரிய வாகனத்தை விற்றுவிட்டுப் புதிய சிறிய காருக்காக மீண்டும் லீசிங் எடுத்தால், ஒரு சுமையை இறக்கி மற்றொன்றை ஏற்றிய கதையாகவே முடியும். தரகுப் பணம், உரிமை மாற்றக் கட்டணம், திருத்தச் செலவு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனமொன்று முழு உரிமையாளராகக் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும், ஓடிய தூரத்தைக் காட்டும் மானி மாற்றப்பட்டுள்ளதா என்பதையும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரின் உதவியுடன் பரிசோதிப்பது அவசியம். ஐந்து பேரையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு மழையில் கினிகத்தேனை ஏற்றத்தில் மூச்சுத் திணறும் வாகனத்தை வாங்குவதும் சிக்கனமாகாது. நாளாந்தத் தேவையே அளவுகோலாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை செல்லும் யாத்திரைக்கு வானொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம்.

மீதமாகும் பணம் எங்கே செல்கிறது என்பதே முக்கியமானது. அது புதிய தொலைக்காட்சியாகவும் ஆடம்பரத் திருமணமாகவும் மாறுமாயின் செய்த தியாகத்திற்குப் பொருளில்லை. முதலில் கூடிய வட்டிக் கடன், அடுத்து சில மாதச் செலவுக்கான அவசர சேமிப்பு, அதன்பின் பிள்ளைகளின் கல்வி என்ற ஒழுங்கே பொருத்தமானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களைச் சின்னாபின்னமாக்கியபோது, கையில் இருந்த சிறு சேமிப்பின் அருமையை மலையக மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

இதில் அரசாங்கத்திற்கும் பொறுப்புண்டு. தோட்டப் பகுதிகளுக்கு நேரம் தவறாத பஸ் சேவை இருந்தால், பல குடும்பங்களுக்குச் சொந்த வாகனமே தேவைப்படாது. குறைந்த எரிபொருளில் ஓடும் சிறிய வாகனங்களுக்கு வரிச்சலுகை வழங்குவது, எரிபொருள் இறக்குமதிக்காக வெளியேறும் டொலரையும் மிச்சப்படுத்தும். மக்களைச் சிக்கனமாக இருக்கச் சொல்லும் அரசு, அதற்கான வழியையும் திறந்துவிட வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.

வாகனம் என்பது பயணத்திற்கான கருவியேயன்றிக் கௌரவத்தின் அளவுகோல் அன்று. சிறிய காரில் சென்றாலும் கடனின்றி வீடு திரும்பும் குடும்பத் தலைவனே உண்மையில் செல்வந்தன். அயலவரின் பார்வைக்காக அன்றித் தமது பிள்ளைகளின் எதிர்காலத்திற்காக முடிவெடுக்கும் துணிவு நமது குடும்பங்களுக்கு வர வேண்டும். இன்று எடுக்கத் தவறும் முடிவை, நாளை கடன் கொடுத்தவர்களே நமக்காக எடுத்துவிடுவார்கள்.