பெருந்தமனி வீக்கமும் நமது கடமையும்

பனியன் துணியின் தரத்தை அதன் கனத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடும் வியாபாரி திருப்பூரில் ஒருவருமிலர். துணியை வளையத்தில் இறுக்கி, அடியிலுள்ள ரப்பர் சவ்வை உப்பச் செய்து, எந்த அழுத்தத்தில் அது கிழிகிறதென்று பார்த்த பிறகே சரக்கு கப்பலேறுகிறது. ஒரு துண்டுத் துணிக்குக் காட்டும் இந்த ஜாக்கிரதையை, அத்துணியை நெய்து ஓய்ந்த தொழிலாளியின் உயிருக்குக் காட்டுகிறோமா?

இருதயத்திலிருந்து இரத்தத்தைச் சுமந்துவரும் பெருந்தமனி, வயிற்றுப் பாகத்தில் சாதாரணமாகச் சுமார் 2 சென்டிமீட்டர் அகலமுள்ளது. முதுமையாலும் புகையிலையாலும் இரத்தக் கொதிப்பாலும் அதன் சுவர் நைந்து, சிலருக்குப் பைபோல் உப்பிவிடுகிறது. அனூரிஸம் என்று டாக்டர்கள் கூறும் இவ்வீக்கம் பெரும்பாலும் வலி காட்டுவதில்லை. வெடித்தாலோ, பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. பேராசிரியர் ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரல் 18-ல் காலமானதும் இதனாலேயே.

எப்பொழுது சத்திர சிகிச்சை செய்வது? பிரிட்டனில் 1998-லும் அமெரிக்காவில் 2002-லும் வெளியான இரண்டு பெரும் பரிசோதனைகளின் பயனாக, ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர் எட்டும்வரை காத்திருக்கலாம் என்ற விதி நிலைத்தது. அனாவசியமான கத்தியிலிருந்து அவ்விதி பலரைக் காத்தது. அதை நாம் பழிக்கவில்லை. ஆயினும், அதற்குச் சிறிய வீக்கம் வெடிப்பதும், பெரியது வருஷக்கணக்கில் தாங்குவதும் வைத்தியர்கள் கண்ட உண்மை.

காரணம் விளங்காததன்று. இரத்த அழுத்தத்தைக் குழாயின் ஆரத்தால் பெருக்கிச் சுவரின் கனத்தால் வகுத்தால், சுவரின்மீதுள்ள இழுவிசை ஏறக்குறையக் கிடைக்கும். வளைந்து கோணலான பையில் அவ்விசை எங்கும் ஒரே அளவாயிராது. அது சுவரின் பலத்தை மிஞ்சும் இடத்திலேயே கிழிசல் தொடங்கும். சுவரில் எலாஸ்டின் என்ற இழை லைக்ராவைப்போல் நீண்டு சுருங்குகிறது. கொலாஜன் என்ற இழை பஞ்சு நூலைப்போல் பாரத்தைத் தாங்குகிறது. முன்னது அழிந்தால் பாரமெல்லாம் பின்னதன் தலையில் விழுகிறது. ஸ்கான் படத்திலிருந்து இவ்விசையைக் கணக்கிட்ட அமெரிக்க டாக்டர் பில்லிஞ்சர் குழுவினர், வெடிக்கும் வீக்கத்தை அகலத்தைவிட இக்கணக்கே நன்கு பிரித்துக் காட்டுகிறதென்று 2003-ல் எழுதினர்.

இம்முறை இன்னும் பூர்த்தியாகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கான் படம் உருவத்தைக் காட்டும். சுவரின் பலத்தைக் காட்டாது. அதை அறியச் சிகிச்சையில் நீக்கிய திசுவைச் சோதிக்க வேண்டும். ரிப்பன் நெசவுக்குப் பெயர்போன பிரெஞ்சு நகரமான செந்த்-எத்தியெனில், நம் துணிச் சோதனையைப்போலவே திசுவை உப்பச் செய்து விஞ்ஞானிகள் பார்க்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? மேல்நாட்டார் உடலில் கண்ட அளவைக் கடன் வாங்கிக்கொண்டு வாளாவிருக்கிறோம். நம்மவரின் இரத்தக் குழாய்கள் பொதுவாகக் குறுகியவை. ஆகையால் அதே 5.5 நம்மவருக்கு அதிகப்பட்ட வீக்கமாகும். “இந்நோய் நம்மிடம் குறைவு” என்பர் சிலர். குறைவாயிருக்கலாம், ஆனால் தேடாதவன் கண்ணுக்கு எதுவும் குறைவே. இங்கிலாந்தில் 65 வயதை எட்டும் ஆண்களை ஒருமுறை ஸ்கானுக்கு அழைக்கிறார்கள். நமது தேசத்தில் அத்தகைய ஏற்பாடில்லை.

வழி இல்லாமலில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர்கள் வீடுதோறும் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பீடி, சிகரெட் பிடித்துப் பழகிய 65 வயது கடந்தவர்களை அவர்களே ஒருமுறை வயிற்று ஸ்கானுக்கு அனுப்பலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும், மருத்துவத் துணிகளை ஆராயும் கோயம்புத்தூர் சிட்ராவும் கைகோத்து, நோயாளியின் சம்மதத்துடன் திசுச் சோதனையைத் தொடங்கலாம். பனியன் முதலாளிகள் அதற்குப் பொருளுதவ வேண்டும்.

கெட்ட தமனிக்குப் பதிலாக வைக்கும் டேக்ரான் குழாயை, 1950-களில் டாக்டர் டிபேக்கி தையல் இயந்திரத்தில் தைத்தார். பின்னர் அதற்கென்றே பின்னல் இயந்திரம் சமைக்கப்பட்டது. பின்னல் தொழில் உலகுக்கு உயிர் காக்கும் குழாயைத் தந்திருக்க, பின்னல் நகரம் தன் தொழிலாளியின் உயிரை அந்நியரின் அளவுகோலுக்கு விட்டுவிடலாகாது. நம் உடலை நாமே அளந்தறிவதும் சுதேசியமே.