தனுஷ்கோடி பேய் ஊர் இல்லைங்க!

போன மாசம் எங்க டிபார்ட்மெண்ட் டூர் ராமேஸ்வரம். "என்னடா இவன், ஓசிச் சாப்பாடு சாப்பிட்டு வந்து புலம்புறான்"னு கூட வந்தவங்க நினைக்கலாம். நினைச்சுக்கோங்க. ஆனா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

கோயில்ல 22 தீர்த்தம் ஆடினோம், கலாம் மணிமண்டபம் பார்த்தோம், மதியம் வேன்ல தனுஷ்கோடி. ஏறினதுல இருந்து டிரைவர் அண்ணன் ஒரே பாட்டு: "பேய் ஊரு தம்பி, அழிஞ்சு போச்சு, இப்போ ஒருத்தரும் இல்ல." நம்ம ஆளுங்களும் இடிஞ்ச சர்ச் முன்னாடி நின்னு கண்ணை உருட்டி வீடியோ எடுத்தாங்க. தலைப்பு, "தமிழ்நாட்டின் மர்ம நகரம்".

அந்த சர்ச்சுக்குப் பத்தடி தள்ளி சங்கு மாலை வித்துக்கிட்டிருந்த அம்மாவை வீடியோ எடுத்த யாருக்கும் கண்ணு தெரியல. நான் மாலை விலை கேட்கப் போனேன். அவங்க கேட்டது: "பேய் ஊருன்னா, அப்ப நாங்க யாரு தம்பி?"

எனக்குப் பதில் வரல. இந்தப் பதிவே அதுக்காகத்தான்.

தனுஷ்கோடியில மக்கள் இருக்காங்க. கம்பிப்பாடு, பாலம்னு குடியிருப்புகள் இருக்கு. கரைவலை இழுக்குறாங்க. மணல்ல ஊற்று தோண்டி, அகப்பையால நல்ல தண்ணி மொண்டு குடிச்ச ஊர் அது. பிள்ளைங்க படிக்க அரசுப் பள்ளி இருக்கு. ஒரு பக்கம் அமைதியா இருக்கிற கடலைப் பெண் கடல்னும், அலை அடிக்கிற மன்னார் வளைகுடாவை ஆண் கடல்னும் அவங்க சொல்றாங்க. எந்தக் கடல் எந்த மாசத்துல திரும்பும்னு அவங்களுக்குத்தான் தெரியும். நாம ரெண்டுக்கும் நடுவுல நின்னு செல்ஃபி எடுத்துட்டு "வாவ்"னோம்.

சரி, அழிஞ்ச கதையாவது ஒழுங்காச் சொல்றோமா? 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல், பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில் அப்படியே கடல்ல போச்சு, நூறு பேருக்கு மேல செத்தாங்க. இது எல்லாருக்கும் தெரியும், இதுல திகில் இருக்கு. அதுக்கு முந்தின ஐம்பது வருஷம்? 1914ல பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூர்ல போட் மெயில் ஏறினவர் தனுஷ்கோடியில இறங்கி, கப்பல்ல தலைமன்னார் போய், அங்க இருந்து மறுபடி ரயில்ல கொழும்பு போயிடலாம். நடுவுல கடல் 35 கிலோமீட்டர் அளவுதான். ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ்னு பரபரப்பா இருந்த துறைமுகம் அது.

அந்த வழியா தேயிலைத் தோட்டத்துக்கு நம்ம ஜனங்க கூட்டம் கூட்டமாப் போனாங்க. முதல்ல மண்டபம் முகாம்ல வச்சு நோய் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கப்பல் ஏத்துவாங்க. 1964 அக்டோபர் 30ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 5,25,000 பேரை இந்தியா திருப்பி எடுத்துக்கணும்னு முடிவு. அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கல. அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள, அவங்க தாத்தா பாட்டி கப்பல் ஏறின துறைமுகத்தையே கடல் கொண்டு போச்சு. அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980கள்ல இலங்கைப் போரால நின்னுச்சு. அதே மண்டபம் முகாம்தான் பிறகு ஈழ அகதிகளுக்கான முகாம் ஆச்சு. நம்ம பஸ் அதைத் தாண்டினப்போ உள்ள குத்துப்பாட்டு ஓடிக்கிட்டிருந்தது. (நானும் ஆடினேன், ஒத்துக்கிறேன்.)

இன்னொன்னு. அதே புயல்ல உடைஞ்ச பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க. தனுஷ்கோடி வரைக்கும் இருந்த தண்டவாளத்தைத் திரும்பப் போடவே இல்ல. வாழத் தகுதியில்லாத இடம்னு அறிவிச்சாச்சு. இயற்கை ஒரு ராத்திரியில அழிச்சது உண்மை. அதுக்கப்புறம் கைவிட்டது இயற்கை இல்ல, மனுஷங்க. பேய்க் கதை சொன்னா இந்த ரெண்டாவது பாதி வசதியா மறைஞ்சு போயிடுது.

"டூரிஸ்ட் வந்தாத்தானே அவங்களுக்குப் பொழப்பு"ன்னு நண்பன் ஒருத்தன் சண்டைக்கு வந்தான். நியாயம்தான். 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதுக்கப்புறம் மீன் வறுவல் கடை, சங்குக் கடை எல்லாம் பெருகியிருக்கு. ஆனா நாம அந்த இடத்தை விளம்பரம் பண்றது "அங்க யாரும் இல்ல"ன்னு சொல்லித்தானே? ஒருத்தரும் இல்லாத ஊருக்குத் தண்ணிக் குழாய் எதுக்குன்னு நாளைக்கு ஒரு அதிகாரி கேட்டா, நம்ம வீடியோவையே சாட்சியாக் காட்டலாம். காலி பண்ணச் சொன்னாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க.

அந்த சர்ச் சுவர்ல இருக்கிறது பவளக் கல். அதுல ஒருத்தன் சாவியால பேரு கீறினான், இன்னொருத்தன் துண்டு உடைச்சு பைக்குள்ள போட்டான். யாருன்னு எழுதல, அவங்களுக்குத் தெரியும். பவளத்தை எடுக்குறது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்டா டேய். வர்ற வழியில தூரத்துல பூநாரைங்க நின்னுச்சு. 2025ல அந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. டிரைவர் வேகத்தைக் கூடக் குறைக்கல, அதுல பேய் இல்லையே.

அடுத்த வருஷம் ஜூனியர்ஸ் போறீங்கன்னா ஒரு யோசனை. கோயிலுக்கு அப்புறமா மதியம் போகாதீங்க, விடிஞ்சதும் போங்க. கரைவலை இழுக்கிறப்போ கூட நின்னு கயிறு பிடிக்கலாமான்னு கேளுங்க. அந்த அம்மா சர்ச்சுக்கு இடது பக்கம் உட்காருவாங்க. மாலை நாற்பது ரூபா, பேரம் பேசாதீங்க.