மோட்டர் போச்சா? முதல்ல கெப்பாசிட்டரப் பாருங்க

கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை வாசிங் மெஷின் நின்றால் "மோட்டர் போச்சு, புதுசு வாங்குங்க" என்பதுதான் முதல் தீர்ப்பு. நாங்க இதை ஏற்கவில்லை.

மோட்டர் இரையுது, ஆனா சுத்தல்ல என்றால், ட்வின் டப்பில் கெப்பாசிட்டர் பலம் குறைந்திருக்கலாம். பெல்ட் ஓடும் முன்கதவு மெஷின் பலதில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். நம்ம உப்புக் காற்று வயர் முனைகளையும் அரிக்கும். இவை மோட்டரை விட மலிவான சாமான்கள்.

பிளக்கைக் கழற்றினாலும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கும். அதை இறக்கத் தெரியாதவர் தொட வேண்டாம். ஆனா "கெப்பாசிட்டரச் சோதிச்சீங்களா?" என்று பாஸிடம் கேட்க யாருக்கும் முடியும்.

மெஷின் நின்ற நாளிலிருந்து கையால் துவைப்பது உம்மாமாரும் அம்மாமாரும்தான். அந்தக் கேள்வியை அவங்களுக்கும் சொல்லிக் கொடுப்போம். திருத்தி முடியும் வரை துவைக்கிற வேலையில் நாமும் கை வைப்போம்.